பல்லைத் தாங்கும் எலும்பு

1970இல் நோர்வே நாட்டு ஆய்வாளர் ஹரால்ட் லோ, நமது மலையகத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் பற்களைப் பரிசோதித்து, 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். பல் துலக்கலோ சிகிச்சையோ இன்றி வாழ்ந்த அவர்களுள் நூற்றுக்கு 8 பேருக்குப் பல்லைத் தாங்கும் எலும்பு விரைவாகவும், 81 பேருக்கு மிதமாகவும் கரைந்தது. 11 பேருக்கு நோய் முரசு வீக்கத்தோடு நின்றது.

கரைந்த எலும்பை மீண்டும் வளர்க்க, ‘வளர்ச்சிக் காரணிகள்’ எனும் புரதங்கள் வந்துள்ளன. இவற்றுள் ஒன்றை அமெரிக்கா 2005இலும், இன்னொன்றை ஜப்பான் 2016இலும் அனுமதித்தன. முரசைத் திறந்து, அழுக்கையும் காறையையும் அகற்றிய பின்பே இவற்றை இடுவர். இழந்ததில் ஒரு பகுதிதான் மீளும், விலையும் அதிகம்.

அன்பர்களே, தோட்டத் தொழிலாளியின் வாய் உலகுக்குப் பாடமானது. இடம்பெயர்ந்து இரத்தினபுரி, கேகாலை லயங்களில் வாழ்வோரும் அப்பாடத்தின் பயனைப் பெறவேண்டும். காலையும் இரவும் துலக்குங்கள், புகையிலையை விடுங்கள். முரசில் இரத்தம் கசிந்தால், பல் ஆடும்வரை காத்திராமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.