தினேஷ் மோகன்

தினேஷ் மோகன் (1945 – மே 21, 2021) இந்தியாவைச் சேர்ந்த உயிரிவிசையியல் அறிஞரும் தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியரும் ஆவார். உடலைத் தாக்கும் விசைகள் எவ்வாறு காயம் விளைவிக்கின்றன என்பதை ஆராய்ந்து, அவ்வறிவைச் சாலைகளுக்கும் வேளாண் கருவிகளுக்கும் பயன்படுத்தினார்.

கல்வியும் ஆய்வும்

மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்றார். பின்னர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உயிரிப்பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றார். மனிதப் பெருந்தமனி எவ்வளவு இழுவிசையில் கிழியும் என்பதை அளந்தார். உயரத்திலிருந்து விழுந்த குழந்தைகளின் தலைக்காயங்களையும் ஆராய்ந்தார். உடல் தாங்கும் விசையின் எல்லை தெரிந்தால்தான் தலைக்கவசம், இருக்கைப்பட்டை போன்றவற்றைச் சரியாக வடிவமைக்க இயலும்.

1979 இல் தில்லி கழகத்தில் சேர்ந்து, போக்குவரத்து ஆய்வையும் காயத் தடுப்பையும் இணைக்கும் திட்டத்தை வளர்த்தார். தீவனம் வெட்டும் கருவிகளில் சிற்றூர்க் குழந்தைகள் விரல்களை இழப்பதைத் தடுக்க, பற்சக்கர மூடி, சக்கரப் பூட்டு போன்ற மலிவான மாற்றங்களை இவரது குழு பரிந்துரைத்தது.

காயமும் சட்டமும்

காயத்திற்குப் பாதிக்கப்பட்டவரின் கவனக்குறைவையே காரணமாகக் கூறும் வழக்கத்தை இவர் மறுத்தார். மனிதர் தவறு செய்தாலும் உயிர் தப்பும்படி வாகனமும் சாலையும் கருவியும் அமைய வேண்டும் என்றார். இந்தியச் சட்டத்திலும் இக்கருத்துக்கு இடமுண்டு. கதிரடிக்கும் இயந்திரங்களுக்காக இயற்றப்பட்ட 1983 ஆம் ஆண்டின் அபாயகரமான இயந்திரங்கள் (ஒழுங்குமுறை) சட்டம், உற்பத்தியை ஒழுங்குபடுத்துவதோடு, அவற்றை இயக்கும்போது காயமுற்ற தொழிலாளருக்கு இழப்பீடும் வழங்க வழிசெய்கிறது.

உலக சுகாதார அமைப்பும் உலக வங்கியும் 2004 இல் வெளியிட்ட சாலைக் காயத் தடுப்பு உலக அறிக்கையின் பதிப்பாசிரியர்களுள் இவரும் ஒருவர். கோவிட்-19 நோயால் தில்லியில் காலமானார்.