கூடு விட்டுக் கூடு பாயும் என்ஜின்கள்

பழைய காருக்குப் புது உயிர் கொடுக்க மும்பையில் கைகள் உண்டு, உதிரிகள் உண்டு. இடமும் சட்டமும்தான் இடிக்கின்றன.

மாதுங்கா கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றியுள்ள பழைய கட்டடங்களின் காம்பவுண்டுகளிலும், செம்பூரில் மிச்சமிருக்கும் பங்களாக்களின் ஷெட்டுகளிலும் தார்ப்பாய் போர்த்திய கார்கள் இன்னும் உறங்குகின்றன. தார்ப்பாயை விலக்கினால் ஒரு பத்மினி அல்லது ஒரு ஹெரால்ட். அபூர்வமாக எம்.ஜி., டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் போன்ற இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். உடம்புக்குக் குறைவில்லை. துடைத்தால் குரோமியம்கூட மின்னும். சாவியைத் திருப்பினால்தான் இருமல் கேட்கும்.

இருமலுக்கு வயது மட்டுமே காரணமல்ல. 2000-ல் நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. ஈயத்தின் பாதுகாப்பை நம்பி வடிவமைக்கப்பட்ட பழைய என்ஜின்களின் வால்வு இருக்கைகளுக்கு அது கெட்ட சேதி. இப்போது பங்க்குகளில் கிடைப்பதோ 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் இளக்கும். காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி டாங்கிக்குள் துருவை வளர்க்கும். போதாததற்கு, சயான் சந்திப்பின் நெரிசலில் பத்து நிமிடம் நின்றால் ரேடியேட்டர் கொதிக்கும். ஜூலை மழையில் காந்தி மார்க்கெட் அருகே தேங்கும் தண்ணீரில் டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும்.

இந்தக் கட்டத்தில்தான் காரின் சொந்தக்காரருக்கு அந்த யோசனை தோன்றுகிறது: கூடு அப்படியே இருக்கட்டும், உயிரை மாற்றினால் என்ன?

யோசனை புதிதல்ல. உலகின் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார்கள் சில இப்படிப் பிறந்தவைதான். ஏ.சி. ஏஸ் என்ற மெல்லிய பிரிட்டிஷ் காரில் அமெரிக்கரான கரோல் ஷெல்பி 1962-ல் ஃபோர்டு வி-8 என்ஜினைத் திணித்தபோது கோப்ரா உருவானது. கென் காஸ்டெல்லோ என்ற ஆங்கிலேயர் எம்.ஜி.பி. காரில் ரோவரின் அலுமினிய வி-8 என்ஜினைப் பொருத்தி விற்கத் தொடங்கினார். அதைப் பார்த்த கம்பெனி 1973-ல் தானே அதேபோல ஒரு மாடலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இந்தியக் கம்பெனிகளும் இந்த வித்தையில் சளைத்தவை அல்ல. குர்லாவில் இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1985-ல் வெளியிட்ட 118 என்.இ. காரின் உடல் பழைய ஃபியட் 124, என்ஜின் ஜப்பானின் நிஸான். கான்டெஸா 1984-ல் வாக்ஸால் விக்டரின் ஆஜானுபாகுவான உடலுடனும் அம்பாசடரின் 1489 சி.சி. என்ஜினுடனும் வந்து மூச்சு வாங்கியது. பிறகு இசுஸுவின் 1.8 லிட்டர் என்ஜினை வைத்தபோதுதான் ஓடத் தொடங்கியது. சென்னையில் நடந்தது இதற்கு நேர் எதிர். ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1985-ல் ரோவரின் நவீன உடலை வாங்கி, அதற்குள் ஸ்டாண்டர்டு வான்கார்டு காலத்து இரண்டு லிட்டர் என்ஜினை வைத்தது. ஸ்டாண்டர்டு 2000 என்ற அந்தக் கார் தோற்றத்தில் ராஜா, ஓட்டத்தில் மாட்டு வண்டி. 1988-ல் தயாரிப்பு நின்றது. கம்பெனியும் அதோடு எழுந்திருக்கவில்லை.

கம்பெனி மாற்றினால் புது மாடல். தனியார் மாற்றினால்? அதற்குப் பிறகு வருவோம். முதலில் வேலை.

மும்பையில் வீட்டிலேயே என்ஜின் மாற்றுவது என்பது நான்கு இடங்களில் நடக்கும் வேலை. கார் நிற்பது மாதுங்காவிலோ செம்பூரிலோ. என்ஜின் கிடைப்பது குர்லா சி.எஸ்.டி. ரோட்டில். கழித்துக் கட்டிய கார்களைப் பிரித்து விற்கும் கடைகளுக்குப் பெயர் போன சாலை அது. இரும்பை வெட்டவும் கடையவும் ஒட்டவும் தாராவிப் பட்டறைகள். அதிலும் கிடைக்காத பழைய பிடி, பழைய மீட்டர், பழைய விளக்குக் கண்ணாடிக்குச் சோர் பஜார். முதல் மூன்றும் சில கிலோமீட்டர் சுற்றளவில் அடங்கிவிடுவதுதான் இந்த நகரத்தின் வரப்பிரசாதம். தாராவியின் 60 அடி ரோடு, 90 அடி ரோடு பக்கம் போகும் தமிழருக்கு ஒரு வசதி கூடுதல்: திருநெல்வேலித் தமிழிலேயே அளவு சொல்லி வேலை வாங்கலாம்.

எந்த என்ஜினை வாங்குவது என்பதில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றில் என்ஜின் குறுக்குவாட்டில் கிடக்கிறது. முன் சக்கரங்களை இயக்குகிறது. பழைய கார்களிலோ என்ஜின் நெடுக்குவாட்டில் நின்று, நீளமான புரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியாகப் பின் சக்கரங்களைச் சுழற்றும். ஸ்விஃப்ட்டின் என்ஜின் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் அதன் கியர் பாக்ஸ் ஹெரால்டுக்கு உதவாது. தேவைப்படுவது நெடுக்குவாட்டு என்ஜின், பின் சக்கரத்துக்கான கியர் பாக்ஸ். உள்ளூரில் இதற்கு எளிய விடைகள் இரண்டு: ஈகோ வேனின் 1.2 லிட்டர், ஜிப்ஸியின் 1.3 லிட்டர்.

ஜிப்ஸி என்ஜினுக்கு மவுசு அதிகம் இருப்பதில் நியாயம் இருக்கிறது. 1298 சி.சி., பெட்ரோலை ஊசி வழியாகப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. வகையில் சுமார் 80 குதிரைத்திறன். பிளாக் அலுமினியம் என்பதால் பழைய வார்ப்பிரும்பு என்ஜினைவிட எடை குறைவு. அதன் நான்கு சக்கர இயக்கத்துக்கான டிரான்ஸ்ஃபர் பெட்டி கியர் பாக்ஸோடு ஒட்டாமல் தனியாக இருக்கிறது. அதை விட்டுவிட்டு, ஐந்து கியர் பெட்டியின் வாயிலிருந்து நேராகப் புரொப்பெல்லர் ஷாஃப்டை இணைத்துவிடலாம்.

சொல்வது சுலபம். செயின் பிளாக்கில் பழைய என்ஜினைத் தூக்கி வெளியே வைத்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பம். புது என்ஜினின் எண்ணெய்த் தொட்டி முன்புறக் குறுக்குச் சட்டத்தில் இடிக்கும். தொட்டியை வெட்டி மறுபடி ஒட்ட வேண்டும். ஒட்டிய இடத்தில் ஊசிமுனைத் துளை இருந்தாலும் சொட்டும். மவுண்டிங்குக்கு முதலில் அட்டையில் மாதிரி வெட்டி, பிறகு இரும்புத் தகட்டில் செய்வது அனுபவசாலிகளின் வழக்கம். பத்மினியில் கியர் கம்பி ஸ்டீயரிங் தண்டில் இருக்கிறது. புதுப் பெட்டியின் கம்பியோ தரையிலிருந்து எழும். ஆகவே நடுவிலுள்ள டன்னலை வெட்டித் துளை போட வேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்டை அளவுக்கு வெட்டி ஒட்டியபின் பாலன்ஸ் பார்க்காவிட்டால், வேகமெடுத்ததும் கார் முழுக்க நடுங்கும்.

அடுத்தது பெட்ரோலும் மின்சாரமும். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் மெதுவாக வந்தால் போதும், கால் பார் அழுத்தம் தாராளம். ஊசிப் பீய்ச்சலுக்கு சுமார் மூன்று பார் வேண்டும். பழைய குழாயில் அந்த அழுத்தத்தைச் செலுத்துவது தற்கொலைக்குச் சமம். டாங்கியிலிருந்து எல்லாமே புதிது போட வேண்டும். என்ஜினின் மூளையான இ.சி.யு., அதன் சென்சார்கள், முழு ஒயரிங், எல்லாவற்றையும் ஒரே காரிலிருந்து சேர்த்தே வாங்குவது உத்தமம். இம்மொபிலைசர் உள்ள காரென்றால் சாவியையும் கேட்டு வாங்க வேண்டும். சாவி இல்லாத என்ஜின், அலுமினியம் விலைக்குத்தான் போகும்.

எல்லாம் முடிந்து வண்டி முதன்முதலாக உறுமும்போது பலரும் மறந்துபோகும் ஒன்று உண்டு. பத்மினி நாற்பது சொச்சம் குதிரைத்திறனுக்காக வடிவமைக்கப்பட்ட கார். சக்தி இரட்டிப்பாகிவிட்டது, பிரேக் அதே டிரம் பிரேக். ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும் இத்தாலியர் மிக்கெலோட்டி வரைந்த உடன்பிறப்புகள். இரண்டுக்கும் பின்புற அச்சு ஊஞ்சல் போல் மடங்கும் வகை. வளைவில் வேகத்தைச் சட்டென்று குறைத்தால் பின் சக்கரங்கள் உள்ளே மடங்கி வண்டி நிலை தடுமாறும். பிரேக்கையும் அச்சையும் சரி செய்யாமல் என்ஜினை மட்டும் மாற்றுவது வீரமல்ல.

முந்தைய தலைமுறைக்கு இத்தனை சிரமம் இருக்கவில்லை. அம்பாசடரின் 1489 சி.சி. என்ஜினும் எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரின் என்ஜினும் பி.எம்.சி.யின் ஒரே குடும்பம். ஸ்பிட்ஃபயரின் 1147 சி.சி. என்ஜினுக்கு நெருங்கிய பங்காளி சென்னையில் தயாரான ஹெரால்டில் இருந்தது. இறக்குமதி அடைபட்டிருந்த காலத்தில் சீமைக் காருக்குச் சுதேசி இரத்தம் ஏற்ற இந்த உறவுமுறை கைகொடுத்தது. அங்கே என்ஜின் மாற்றுவது மோகமல்ல, வேறு வழியின்மை.

இனி சட்டம். 1988-ன் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாக உறுதி செய்தது. என்ஜின் எண்ணும் சி.சி.யும் ஆர்.சி.யில் பதிவான விவரங்கள். அதே வகை என்ஜினை அனுமதியோடு மாற்றலாம். 1089 சி.சி. பத்மினியில் 1298 சி.சி. ஜிப்ஸி என்ஜின் என்றால் கதை வேறு. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் புரட்டுவதும் இந்தப் பக்கத்தைத்தான்.

அதே பிரிவில் ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. எரிபொருளையே மாற்றுவதற்கான கிட் பொருத்தலாம்: சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி. மும்பைக்கு இது பழக்கமான வழி. 2000-களின் தொடக்கத்தில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் புகை வழக்கு உத்தரவுகளைத் தொடர்ந்து கறுப்பு-மஞ்சள் டாக்ஸிகள் எரிவாயுவுக்கு மாறின. சிலிண்டர் டிக்கியை விழுங்கியது. பயணிகளின் பெட்டிகள் கூரைக் கேரியருக்கு ஏறின. ஆக, இன்று ஒருவர் தன் பழைய காரின் என்ஜினை மொத்தமாக எடுத்துவிட்டு, அங்கீகாரம் பெற்ற மின்சாரக் கிட்டைப் பொருத்தினால் ஆர்.டி.ஓ. அதைப் பதிவு செய்யும். பழையதைவிடப் பல மடங்கு குறைவாகப் புகை விடும் பெட்ரோல் என்ஜினைப் பொருத்தினால் செய்யாது. காற்றின் மீதுள்ள அக்கறைதான் காரணம் என்றால், கணக்கு உதைக்கிறது. ஊருக்கு ஊர் வெல்டிங் தரம் மாறும் நாட்டில் பரிசோதனை இல்லாமல் எதையும் அனுமதிக்க முடியாது என்பது நியாயமான வாதம். ஆனால் அப்படிப்பட்ட ஒரு காரைத் தனிநபர் கொண்டுபோய்ப் பரிசோதித்து வாங்க எளிய வழி எதையும் யாரும் ஏற்படுத்தவில்லை. பல கார்கள் பழைய ஆர்.சி.யோடு திருட்டுத்தனமாக ஓடுவதற்கு இதுவே வழி செய்கிறது.

இன்னொரு பக்கம், 2021-ல் வந்த விதிகள் 50 வயது தாண்டிய கார்களுக்கு 'விண்டேஜ்' அந்தஸ்து தருகின்றன. 20,000 ரூபாய் கட்டினால் 'வி.ஏ.' எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும். நிபந்தனை: சேசிஸ், உடல், என்ஜின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. அந்தஸ்து பெற்ற பிறகு கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். தினமும் ஓட்ட முடியாது. காட்சிப் பொருளுக்கு ஒரு வழி, பழைய இரும்புக் கடைக்கு ஒரு வழி. காய்கறி வாங்கப் போகும் பழைய காருக்குத்தான் வழி குறுகிக்கொண்டே போகிறது.

பத்மினியின் தயாரிப்பு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நின்றது. குர்லா ஆலை இருந்த நிலத்தில் இப்போது கோஹினூர் சிட்டி. 2003 அக்டோபர் 29-ல் தார்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவான கடைசி பத்மினி டாக்ஸி, 20 வயது வரம்பு காரணமாக 2023 அக்டோபரில் விடைபெற்றது. தாராவியின் மறுசீரமைப்பு ஏலத்தை 2022-ல் அதானி குழுமம் வென்றது. லேத்துகளும் வெல்டிங் கொட்டகைகளும் எங்கே போய்ச் சேரும் என்ற கேள்வி அங்கே எல்லோர் வாயிலும் இருக்கிறது. என்ஜினும் பட்டறையும் ஒரே ஆட்டோ தூரத்தில் கிடைக்கும் வசதி எத்தனை நாளைக்கோ.

1974-ல் வெளிவந்த முதல் பத்மினிகள் 2024-ல் ஐம்பதைத் தொட்டுவிட்டன. விவரம் தெரிந்தவர்கள் கழற்றிய என்ஜினை இப்போது விற்பதில்லை. கிரீஸ் பூசி, சாக்கில் சுற்றி, மாடிப்படிக்கு அடியில் வைக்கிறார்கள். விண்டேஜ் எண் வாங்கும் ஆசை வந்தால் அதை மறுபடி ஏற்றிவிடலாம். கியர் கம்பிக்காக வெட்டிய டன்னலுக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.