திரையில் அலறல்! டெலிபோனில் திருடன்!

நெய்வேலி நகரில் ஒரு குவார்ட்டர்ஸ் வீடு. பகல் 11 மணி. மகன் அனல் மின் நிலையத்துக்கு முதல் ஷிப்டு போயிருக்கிறான். மருமகள் மெயின் பஜாருக்குப் போயிருக்கிறாள். வீட்டில் இருப்பவர் பெரியவர். சுரங்கத்தில் 30 ஆண்டு உழைத்து ஓய்வு பெற்றவர். அடுப்படியில் அவர் மனைவி.

பெரியவர் கம்ப்யூட்டர் முன் உட்காருகிறார். சிங்கப்பூரில் இருக்கும் மகளோடு மத்தியானம் முகம் பார்த்துப் பேசவேண்டும். அதற்கு நேரம் இருக்கிறது. அதுவரை ராசி பலன் பார்க்கலாம் என்று ஏதோ ஒரு பக்கத்தைத் திறக்கிறார்.

படீர் என்று திரை முழுவதும் சிவப்பு! காதைப் பிளக்கும் அபாயச் சங்கு!

"உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது! உங்கள் பாங்கிக் கணக்கு திருடப்படுகிறது! பெட்டியை அணைக்காதீர்கள்! உடனே இந்த நம்பருக்கு போன் செய்யுங்கள்!"

பெரியவர் மவுசை இப்படியும் அப்படியும் இழுக்கிறார். அம்புக்குறி அசையவில்லை. கை நடுங்குகிறது. அந்தப் பாங்கிக் கணக்கில்தான் பிராவிடண்டு பண்டு பணம் இருக்கிறது. கிராஜுவிட்டி பணமும் அதில்தான் இருக்கிறது. சொந்தமாக ஒரு வீடு கட்டுவதற்கு வைத்திருக்கும் பணம் அது.

அவர் டெலிபோனைக் கையில் எடுக்கிறார்...

இது கற்பனைக் காட்சி. ஆனால் இதேபோல உலகம் முழுவதும் நடந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவில் 2023-ம் ஆண்டில் மட்டும் இந்த வகை மோசடி பற்றி 37 ஆயிரத்துக்கு மேற்பட்ட புகார்கள் அந்நாட்டு எப்.பி.ஐ. போலீசுக்கு வந்தன. பறிபோன பணம் 90 கோடி டாலருக்கு மேல்! பறிகொடுத்தவர்களில் வயதானவர்களே அதிகம்.

பொய்க் கூச்சல்

ஒரு விஷயத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். திரை சிவப்பாக மாறிய அந்த நேரத்தில், பெரியவரின் பணத்தில் ஒரு காசுகூடக் குறையவில்லை. பாங்கிக் கணக்கை யாரும் தொடவில்லை. திரையில் தெரிவது வெறும் படம். சினிமா போஸ்டரில் புலி பாய்கிறது. அதைப் பார்த்து யாராவது வீட்டுக்கு ஓடிக் கதவைத் தாழிடுவார்களா?

அம்புக்குறி மறைந்து போனதும் ஒரு தந்திரமே. பக்கத்தைத் திரை முழுவதும் விரித்து, அம்புக்குறியையும் மறைத்துவிடுகிறார்கள். பார்ப்பவர், "ஐயோ, பெட்டியே கெட்டுவிட்டது" என்று நினைக்கிறார்.

இது பொய் என்று கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டு. அதுதான் டெலிபோன் நம்பர். விண்டோசைத் தயாரிக்கும் மைக்ரோசாப்ட் கம்பெனி, தன்னுடைய எச்சரிக்கைகளில் டெலிபோன் நம்பர் ஒருபோதும் இருக்காது என்று அறிவித்திருக்கிறது. வைரஸ் என்று சொல்லி நம்பரும் கொடுத்தால், அது திருடன் வைத்த போர்டு!

விளம்பரத்தில் வந்தவன்

இந்தப் படம் ராசி பலன் பக்கத்துக்கு எப்படி வந்தது? விளம்பரத்தின் வழியாக வந்தது.

பத்திரிகையில் விளம்பரம் வந்தால், அதை ஒருவர் பார்த்து அச்சுக்கு அனுப்புவார். இன்டர்நெட்டில் அப்படி இல்லை. நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கும்போதே, அதில் காலியாக உள்ள இடம் ஏலத்துக்கு விடப்படுகிறது. கண் இமைப்பதற்குள் ஏலம் முடிந்து, எடுத்தவனின் விளம்பரம் வந்துவிடுகிறது. சோப்புக் கம்பெனியும் ஏலம் எடுக்கலாம். திருடனும் எடுக்கலாம். பக்கத்தை நடத்துகிறவருக்கே பல சமயம் இது தெரியாது.

பெரிய பத்திரிகைகளும் ஏமாந்திருக்கின்றன. 2009-ம் ஆண்டு செப்டம்பரில், "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகையின் இன்டர்நெட் பக்கத்தில் ஒருவன் விளம்பர இடம் வாங்கினான். பெயர் பெற்ற டெலிபோன் கம்பெனியின் ஆள் போல நடித்தான். ஒரு வாரம் ஒழுங்கான விளம்பரம் ஓடியது. வார இறுதியில் அதை மாற்றி, "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்" என்ற போலி எச்சரிக்கையை வைத்துவிட்டான். ஆகவே, "நல்ல பக்கம்தானே பார்த்தேன்" என்பது காவல் ஆகாது.

போனில் நடக்கும் நாடகம்

பெரியவர் அந்த நம்பருக்கு போன் செய்தால் என்ன ஆகும்?

மிக மரியாதையான ஒரு குரல் பேசும். "கவலைப்படாதீர்கள் சார். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஆறுதல் சொல்லும். பிறகு, "எனிடெஸ்க்" அல்லது "டீம்வியூவர்" என்ற சாதனத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கச் சொல்லும். இவை நல்ல காரியத்துக்காகச் செய்யப்பட்டவைதான். ஓர் ஊரில் உட்கார்ந்தபடி இன்னோர் ஊர்க் கம்ப்யூட்டரை இயக்குவதற்குப் பயன்படுகின்றன. ஆனால் அதைத் திருடனுக்குத் திறந்துவிட்டால், வீட்டுச் சாவியைக் கொடுத்தது போலத்தான். ரிசர்வ் பாங்கி 2019-ம் ஆண்டு பிப்ரவரியிலேயே எனிடெஸ்க் வழியாக நடக்கும் மோசடி பற்றி எல்லா பாங்கிகளையும் எச்சரித்தது.

உள்ளே வந்த ஆசாமி இரண்டு வித்தை காட்டுவான்.

ஒவ்வொரு விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் ஒரு குறிப்பேடு உண்டு. சிறு சிறு கோளாறுகளைக்கூட அது எழுதிவைக்கும். புதிதாக வாங்கிய பெட்டியிலும் சிவப்பு, மஞ்சள் குறிகள் நிறைய இருக்கும். அதைத் திறந்து காட்டி, "பார்த்தீர்களா சார், எத்தனை வைரஸ்!" என்பான். பிறகு, கம்ப்யூட்டர் எங்கெங்கே தொடர்பு வைத்திருக்கிறது என்று காட்டும் பட்டியலைத் திறப்பான். அதில் "பாரின் அட்ரஸ்" என்று ஒரு தலைப்பு இருக்கும். வெளியே உள்ள முகவரி என்பதே அதன் பொருள். ஆனால் அவன், "வெளிநாட்டுக்காரர்கள் உள்ளே புகுந்துவிட்டார்கள் சார்!" என்பான். யாருக்குத்தான் பயம் வராது?

அப்புறம் ரிப்பேர் கூலி கேட்பான். சில சமயம் கூலி கேட்கமாட்டான். "உங்களுக்கு ஆயிரம் ரூபாய் திருப்பித் தரவேண்டும்" என்று சொல்லி, பாங்கிப் பக்கத்தைத் திறக்கச் சொல்வான். திரையில் தெரியும் எண்களைத் தன் கையாலேயே மாற்றிவிடுவான். "ஐயையோ, தவறி ஒரு லட்சம் அனுப்பிவிட்டேன். என் வேலை போய்விடும். மீதியை அனுப்புங்கள் சார்" என்று அழுவான். கணக்கில் உண்மையில் ஒரு காசும் வந்திருக்காது. இரக்கப்பட்டவர்கள் தங்கள் சொந்தப் பணத்தையே எடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

நெய்வேலிக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். அனல் மின் நிலையத்தில் பழுது பார்க்க வேண்டுமானால் "பர்மிட்" எழுதி வாங்கவேண்டும். மின்சாரத்தைத் துண்டித்துப் பலகை மாட்டிய பிறகுதான் எந்திரத்தில் கை வைக்கலாம். முன்பின் தெரியாத ஒருவன் போனில் கூப்பிட்டு, "கதவைத் திற, ரிப்பேர் செய்கிறேன்" என்றால் விடுவார்களா? வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏன் பர்மிட் வேண்டாம்?

குர்கானில் கூண்டோடு சிக்கினார்கள்

வருத்தப்பட வேண்டிய ஒரு செய்தி உண்டு. அமெரிக்கர்களையும் இங்கிலாந்துக்காரர்களையும் ஏமாற்றிய பல குரல்கள் நம் நாட்டிலிருந்தே பேசின. 2018-ம் ஆண்டு நவம்பரில் டெல்லியை அடுத்த குர்கான், நொய்டா நகரங்களில் 16 போலி கால் சென்டர்களில் போலீசார் புகுந்து சோதனை போட்டார்கள். மைக்ரோசாப்ட் கம்பெனி கொடுத்த புகாரின் பேரில் நடந்த சோதனை அது. 2023-ம் ஆண்டு அக்டோபரில் சி.பி.ஐ. "ஆபரேஷன் சக்ரா-2" என்ற பெயரில் பல மாநிலங்களில் 76 இடங்களில் சோதனை நடத்தியது. கம்ப்யூட்டர் உதவி என்று சொல்லி வெளிநாட்டாரை ஏமாற்றியவர்களும் அதில் சிக்கினார்கள். நல்ல வேலை என்று நம்பி, இந்த மாதிரி அறைகளில் போய் உட்காரும் இளைஞர்களும் உண்டு. வேலை தேடும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கவனிக்கவேண்டும். ஆள் மாறாட்டம் செய்து கம்ப்யூட்டர் மூலம் ஏமாற்றினால், இந்தியச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை. ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

பிரிட்டனில் ஒருவர் இருக்கிறார். "ஜிம் பிரவுனிங்" என்ற புனைபெயரில் இந்தக் கூட்டங்களைத் துப்புத் துலக்குவதே அவர் வேலை. குர்கான் கூட்டம் ஒன்றின் அறைக்குள் இருந்த கேமரா படங்களையே அவர் எடுத்துவிட்டார். 2020-ம் ஆண்டு பி.பி.சி. அதை ஒளிபரப்பியது. அப்பேர்ப்பட்டவரையே 2021-ம் ஆண்டு ஜூலையில் ஒரு மோசடிப் பேர்வழி, யூடியூப் கம்பெனி ஆள் போலப் பேசி ஏமாற்றினான். அவர் தம் கையாலேயே தம் யூடியூப் சானலை அழித்துவிட்டார்! பிறகு அது திரும்பக் கிடைத்தது. ஏமாந்துவிட்டதைச் சொல்ல வெட்கப்படுகிற பெரியவர்கள் இந்தக் கதையைக் கேட்கவேண்டும்.

தேடிப் போய் விழும் பொறி

நம் ஊரில் இன்னொரு வழி அதிகம். பாங்கியில் ஒரு சந்தேகம், அல்லது காஸ் சிலிண்டர் வரவில்லை. உடனே கூகுளில் "கஸ்டமர் கேர் நம்பர்" என்று தேடுகிறோம். மேலே முதலில் வருவது பல சமயம் விளம்பரம். பக்கத்தில் சிறிய எழுத்தில் அப்படிப் போட்டிருக்கும். யாரும் படிப்பதில்லை. அந்த இடத்தில் திருடன் தன் நம்பரைப் போட்டுக் காத்திருக்கிறான். பாங்கி நம்பர் வேண்டுமானால் பாஸ் புத்தகத்திலும் ஏ.டி.எம். கார்டின் பின்புறத்திலும் இருக்கிறது. அங்கே பாருங்கள்.

வீட்டுக்குக் காவல்

கூச்சல் போடாமல் வரும் விளம்பரங்களும் உண்டு. கம்ப்யூட்டரில் உள்ள ஓட்டை வழியாகச் சத்தமில்லாமல் நுழைந்துவிடும். அந்த ஓட்டைகளை அடைக்கத்தான் "அப்டேட்" என்ற திருத்தங்கள் வருகின்றன. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது. இராப்பகலாக அதை இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். இறைப்பதை நிறுத்தினால், தண்ணீர் சுரங்கத்தின் தரையையே முட்டிப் பிளந்துவிடும். அப்டேட்டும் அப்படித்தான். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளக்கூடாது. விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த இலவசத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நின்றுவிட்டன. பழைய பெட்டி வைத்திருப்பவர்கள் இதை வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

விளம்பரத்தையே வரவிடாமல் தடுக்கும் சாதனங்களும் உண்டு. "பயர்பாக்ஸ்" வைத்திருப்பவர்கள் "யூபிளாக் ஆரிஜின்" என்பதை இலவசமாகச் சேர்த்துக்கொள்ளலாம். விளம்பரத் தடுப்பான் வைத்துக்கொள்ளுங்கள் என்று எப்.பி.ஐ. போலீசே 2022-ம் ஆண்டு டிசம்பரில் மக்களுக்குச் சொன்னது.

இன்னொரு தந்திரம்: "நீங்கள் மனிதர்தான் என்று காட்ட 'அலவ்' பட்டனை அழுத்துங்கள்" என்று சில பக்கங்கள் கேட்கும். அழுத்தினால், அன்று முதல் திரையின் மூலையில் போலி எச்சரிக்கைகள் வந்துகொண்டே இருக்கும். அழுத்திவிட்டவர்கள், பிரவுசரின் செட்டிங்சில் "நோட்டிபிகேஷன்" பகுதிக்குப் போய் அந்தப் பக்கத்தின் பெயரை நீக்கவேண்டும். வைரஸ் தடுப்புக்குத் தனியாகப் பணம் கொடுத்து எதையும் வாங்க வேண்டிய அவசியம் பெரும்பாலான வீடுகளுக்கு இல்லை. விண்டோசிலேயே "டிபெண்டர்" என்ற காவல்காரன் இருக்கிறான்.

பணம் போய்விட்டால்

ஏமாந்துவிட்டால் அழுதுகொண்டு உட்காரக்கூடாது. முதலில் இன்டர்நெட்டைத் துண்டித்துப் பெட்டியை அணையுங்கள். உடனே பாங்கிக்குச் சொல்லுங்கள். அடுத்த நிமிடமே 1930 என்ற நம்பருக்கு போன் செய்யுங்கள். இது மத்திய சர்க்கார் ஏற்படுத்திய சைபர் குற்ற உதவி நம்பர். பணம் கைமாறிப் போவதற்குள் சொன்னால், வழியிலேயே அதை நிறுத்த முடியும். பாஸ்வேர்டுகளை வேறொரு போனிலிருந்து மாற்றவேண்டும். திருடன் நுழைந்த பெட்டியைத் தெரிந்தவரிடம் கொடுத்து, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக விண்டோஸ் போடுவதே நல்லது.

2017 ஜூலையில் ரிசர்வ் பாங்கி ஒரு விதி வெளியிட்டது. வாடிக்கையாளர் தாமே ரகசிய எண்ணைக் கொடுத்து ஏமாந்திருந்தால், பாங்கிக்குச் சொல்லும்வரை போன பணம் அவருடைய நஷ்டம். சொன்ன பிறகு போகும் பணத்துக்குப் பாங்கி பொறுப்பு என்று அந்த விதி கூறியது. ஆகவே, வெட்கப்பட்டு மறைக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை உண்டு.

மனைவி செய்த வேலை

டெலிபோனைக் கையில் எடுத்த பெரியவர் என்ன ஆனார்?

சங்குச் சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து மனைவி ஓடிவருகிறார். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. இங்கிலீஷும் தெரியாது.

"ஏங்க, என்னங்க அது சத்தம்?"

"வைரஸாம். அணைக்கக்கூடாதுன்னு போட்டிருக்கான். போன் பண்ணச் சொல்றான்."

"யாரு அவன்? நம்மளை அணைக்கக்கூடாதுன்னு சொல்ல அவன் யாருங்க? தம்பி வந்து பார்க்கட்டும்" என்று சுவர் ஸ்விட்சைத் தட்டிவிடுகிறார். திரை இருண்டது. சத்தம் நின்றது.

மேஜைக் கம்ப்யூட்டராக இருந்ததால் சுவர் ஸ்விட்சே போதும். மடிக்கணினியில் பாட்டரி இருக்கும். அதை அணைக்க, பவர் பட்டனைப் பத்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடிக்கவேண்டும். அணைக்க மனமில்லாதவர்கள் "எஸ்கேப்" பட்டனை அழுத்திப் பிடித்தால், விரிந்த திரை சுருங்கும். பிறகு பக்கத்தை மூடிவிடலாம்.

ஷிப்டு முடிந்து மகன் வந்தான். பெட்டியைப் போட்டான். "முன்பு திறந்திருந்த பக்கங்களை மறுபடி திறக்கவா?" என்று அது கேட்டது. வேண்டாம் என்று சொன்னான். திறந்திருந்தால் அதே சிவப்புத் திரை மறுபடி வந்திருக்கும். டிபெண்டரை ஓடவிட்டுச் சோதித்தான். ஒன்றும் இல்லை. ஒரு காகிதத்தில் 1930 என்று எழுதினான். கீழே பாஸ் புத்தகத்தைப் பார்த்து பாங்கி நம்பரையும், தன் நம்பரையும் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினான்.

சிங்கப்பூர் மகள் திரையில் வந்தாள்.

"என்னப்பா, இன்னைக்கு இவ்வளவு நேரம்?"

பெரியவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். "உங்க அம்மாகிட்டே கேளு" என்றார்.