டிராக்டர் பேட்டரி: மூன்று அளவு பார்த்தால், முன்கூட்டியே தெரியும்!

கோடை மழை பெய்தால் உழவுக்கு ஏற்ற பதம் மண்ணில் இரண்டு, மூன்று நாள்தான் நிற்கும். அந்த நேரம் பார்த்து டிராக்டர் 'டக்' என்ற சத்தத்தோடு நின்றுவிட்டால், பதம் போய்விடும். பலரும் உடனே புது பேட்டரி வாங்கி மாட்டிவிடுகிறார்கள். கோளாறு டைனமோவில் இருந்தால், அந்தப் புது பேட்டரியும் சில நாள்களில் இறங்கிவிடும். செலவு மட்டும்தான் மிச்சம்.

எது பழுது என்பதை மல்டிமீட்டர் சொல்லிவிடும். மின்சாதனக் கடைகளில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. திருகியை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரியின் பிளஸ்ஸிலும், கறுப்பு முனையை மைனஸிலும் வைக்க வேண்டும். ஆம்பியர் பகுதியில் வைத்து பேட்டரியைத் தொடக் கூடாது.

முதல் அளவு: காலையில்

இரவு முழுவதும் ஓய்வில் இருந்த 12 வோல்ட் பேட்டரி 12.6 அல்லது அதற்கு மேல் காட்டினால், முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால் பங்கு; 12.2 என்றால் பாதி. 12 என்றால் கால் பங்குதான். குறைவாக இருந்தால் முழுதாக சார்ஜ் ஏற்றி, மைனஸ் வயரைக் கழற்றி ஓர் இரவு வைத்துப் பார்க்கவும். அப்போதும் நன்றாக இறங்கினால் பேட்டரி பழுது. வயரை மாட்டினால் மட்டும் இறங்கினால், வண்டியில் எங்கோ மின்கசிவு இருக்கிறது.

இரண்டாவது: ஸ்டார்ட் செய்யும்போது

கியரை நியூட்ரலில் வைத்து, ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். முழு சார்ஜில் இருந்தும் 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரி பலவீனமாக இருக்கலாம். அளவு 12-ஐ ஒட்டியே நின்று, செல்ஃப் மோட்டார் சுற்றவில்லை என்றால், டெர்மினல், எர்த் வயர், செல்ஃப் சுவிட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். டெர்மினலில் பூத்திருக்கும் உப்பைச் சுரண்டினாலே பல வண்டிகள் கிளம்பிவிடும்.

மூன்றாவது: இன்ஜின் ஓடும்போது

நடுத்தர வேகத்தில் 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். காலையில் பார்த்த அளவிலேயே நின்றால், சார்ஜ் ஏறவில்லை. முதலில் ஃபேன் பெல்ட் தளர்வைப் பார்த்துவிட்டு, பிறகு டைனமோவைக் கழற்றலாம். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு. பேட்டரி கொதித்து தண்ணீர் வற்றும்; பல்புகள் அடிக்கடி போகும்.

செய்யக் கூடாதவை

டைனமோவைச் சோதிப்பதாகச் சொல்லி, இன்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றும் பழக்கம் சிலரிடம் உண்டு. அப்போது மின்னழுத்தம் திடீரென எகிறி, நல்ல டைனமோவும் கெட்டுவிடும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து தீப்பற்றும் வாயு வருவதால், பக்கத்தில் பீடி, தீக்குச்சி ஆகாது. கிணற்று நீரை ஊற்றாமல், டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். கழற்றும்போது மைனஸ் முதலில். மாட்டும்போது மைனஸ் கடைசியில்.

வேலையில்லாத மாதங்களில் மைனஸ் வயரைக் கழற்றி வைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுவது நல்லது.

மூன்று அளவுகளையும் மாதம் ஒருமுறை, தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைத்தால் போதும். காலை அளவு 12.6, 12.5, 12.3 என்று மாதாமாதம் இறங்கி வந்தால், உழவு தொடங்கும் முன்பே சரிசெய்துகொள்ளலாம்.