இயங்குதள மாற்றமும் பழைய குறியாக்கத் தமிழ்க் கோப்புகளும்

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. விண்டோஸ் 11க்கு மாறுவோர்க்கு இரு வழிகள் உள்ளன. மேம்படுத்தலில், இருக்கும் இயங்குதளத்தின் இடத்தில் புதியது அமர்கிறது. நிரல்களும் கோப்புகளும் பெரும்பாலும் அப்படியே எஞ்சுகின்றன. புதுநிறுவலில், வட்டுப்பகுதி அழிக்கப்பட்டு இயங்குதளம் தொடக்கத்திலிருந்து நிறுவப்படுகிறது. பழைய நிரல்களின் எச்சங்கள் நீங்குவதால் கணினி பழுதுபார்ப்போர் பலர் பின்னதையே பரிந்துரைப்பர். கோப்புகளைப் பென்டிரைவில் நகலெடுத்தால் போதும் என்பர். தமிழாய்வாளரைப் பொறுத்தவரை இவ்வறிவுரை முழுமையானதன்று.

ஒருங்குறி பரவலாகும் முன்னரும், சில துறைகளில் அதன் பின்னரும், ஆய்வேடுகள் பாமினி, வானவில் முதலிய எழுத்துருக்களில் தட்டச்சுச் செய்யப்பட்டன. பாமினியில் ‘தமிழ்’ என்று தட்டச்சிட்டால் கோப்பில் பதிவாவது தமிழ் அன்று. ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே பதிவாகின்றன. அவற்றுக்குத் தமிழ் வடிவம் தருவது எழுத்துரு. அவ்வெழுத்துருவோ ஆய்வாளரின் கோப்புறையில் இல்லை. இயங்குதளத்தின் எழுத்துருக் கோப்புறையில் உள்ளது. வட்டுப்பகுதி அழியும்போது அதுவும் அழிகிறது. நகலெடுத்த ஆய்வேடு புதிய கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாகத் திறக்கும். வேர்டு கோப்பாயின் எழுத்துருவின் பெயரேனும் அதில் எஞ்சியிருக்கும். வெறும் உரைக்கோப்பில் அதுவும் இராது. சில எழுத்துருக்கள் விலைக்கு விற்ற மென்பொருள்களுடன் வந்தவை. அக்குறுந்தகடுகள் இன்று எத்தனை துறைகளில் கிடைக்கும்?

மேம்படுத்தல் எழுத்துருக்களைக் காக்கிறது. ஆயினும் அவ்வழி எல்லார்க்கும் திறந்திருப்பதன்று. விண்டோஸ் 11, 64 பிட் வடிவில் மட்டுமே வெளிவருகிறது; 32 பிட் விண்டோஸ் 10 உள்ள கணினியில் புதுநிறுவல் ஒன்றே வழி. அன்றியும், மேம்படுத்தல் சிக்கலைத் தள்ளிப்போடுகிறதே தவிர தீர்ப்பதில்லை. எழுத்துரு இல்லாத பிறர் கணினியில் அதே கோப்பு படிக்க இயலாததாகவே இருக்கும். எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப் கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினும் அதில் தமிழ்ச் சொல்லைத் தேடினால் கிடைக்காது.

எனவே புதுநிறுவலுக்கு முன்னர் எழுத்துருக் கோப்புறையையும் தனியே நகலெடுத்தல் வேண்டும். அதன்பின் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றலாம். இங்குக் கவனம் மிக வேண்டும். எழுத்துரு வேறுபாடு நோக்காமல் உரை முழுவதையும் மாற்றும் கருவிகள், இடையே வரும் ஆங்கில நூற்பெயர்களையும் தமிழ்க் குறியீடுகளாகக் கருதிச் சிதைத்துவிடும். அடிக்குறிப்பும் துணைநூற்பட்டியலுமே இதில் மிகுதியும் பாதிக்கப்படுவன. மேற்கோள் பாடல்களை மூலக்கோப்புடன் வரிவரியாக ஒப்பிட்டுத்தான் ஏற்க வேண்டும்.

விண்டோஸ் 11 கோரும் வன்பொருள் இல்லாமையால் ஒதுக்கப்படும் பழைய கணினி இவ்விடத்தில் பயன்படும். அதனை இணையத் தொடர்பின்றி வைத்து, மாற்றமும் ஒப்பீடும் முடியும்வரை மூலக்கோப்புகளைப் பார்ப்பதற்கெனப் பேணலாம்.