மேகத்துக்கும் உண்டு வேகக் கணக்கு!

குழந்தைகளே, கேளம்பாக்கம் உப்பளங்களைப் பார்த்திருக்கிறீர்களா? பாத்திகளில் உப்பு விளைந்திருக்கும் நேரத்தில் ஒரு மழை கொட்டினால் போதும், பல நாள் உழைப்பு கரைந்துவிடும். அதனால் உப்பளத் தொழிலாளர்களுக்கு எப்போதும் வானத்தின் மேல் ஒரு கண்!

அதே வானத்தைக் கண் கொட்டாமல் பார்க்கும் வேறு சிலரும் உண்டு. இங்கிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், மீனம்பாக்கம் விமான நிலைய வானிலை அலுவலகத்தில் அவர்கள் இருக்கிறார்கள். "நாளை மழை வருமா?" என்று நாம் கேட்போம். அவர்களோ, "அடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஓடுபாதைக்கு மேல் இடிமேகம் வருமா?" என்று கேட்பார்கள்.

மேகத்தைக் கண்டு விமானம் அஞ்சலாமா?

இடி இடிக்கும் மேகத்துக்குக் கார்திரள் மேகம் என்று பெயர். நம் பகுதியில் இது 12 கிலோமீட்டருக்கும் மேல் வளரும். பயணிகள் விமானம் பறக்கும் உயரமே 10 முதல் 12 கிலோமீட்டர்தான். எனவே மேகத்தைத் தாண்டிப் பறப்பது கடினம். சுற்றித்தான் போக வேண்டும். உள்ளே நுழைந்தால் காற்று தூக்கிப் போடும், ஆலங்கட்டி தாக்கும். 2025 மே 21 அன்று டெல்லியிலிருந்து ஸ்ரீநகர் சென்ற விமானத்தின் மூக்குப் பகுதி ஆலங்கட்டி மழையில் உடைந்தது. நல்ல வேளை, பத்திரமாகத் தரையிறங்கியது.

தரையிறங்கும் நேரத்தில் ஆபத்து இன்னும் அதிகம். மேகத்திலிருந்து குபீரெனக் கீழே பாயும் காற்று, தரையில் மோதி நாலாபுறமும் சிதறும். முதலில் எதிர்க்காற்று விமானத்தைத் தூக்கும். அடுத்த சில நொடிகளில் அதுவே பின்காற்றாகி விமானத்தைக் கீழே அமுக்கும். 1975-இல் நியூயார்க்கில் நடந்த விபத்தை ஆராய்ந்து இதை விளக்கியவர், ஜப்பானில் பிறந்த விஞ்ஞானி ஃபுஜிட்டா.

மேகத்தைப் பிடிக்கும் கண்

சென்னைத் துறைமுகப் பகுதியில் 2002-இல் டாப்ளர் ரேடார் நிறுவப்பட்டது. பள்ளிக்கரணையில் இன்னொரு ரேடார் 2022-இல் தொடங்கி வைக்கப்பட்டது. ரேடார் அனுப்பும் ரேடியோ அலை, மழைத்துளிகளில் பட்டுத் திரும்பி வரும். அலையின் வேகம் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மேகத்தைத் தொட்டுத் திரும்ப, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே போதும்!

ரயில் நம்மை நோக்கி வரும்போது ஊதல் கீச்சென்று கேட்கும். கடந்து போனதும் தணிந்து கேட்கும் அல்லவா? அதே போல, திரும்பி வரும் அலையின் மாற்றத்தைக் கொண்டு துளிகள் நெருங்குகின்றனவா, விலகுகின்றனவா என்று டாப்ளர் ரேடார் சொல்லிவிடும்.

இப்போது ஒரு கணக்கு. மாலை 5 மணிக்கு மேகம் மீனம்பாக்கத்துக்கு மேற்கே 60 கி.மீ. தொலைவில் இருக்கிறது. 5.10-க்கு 55 கி.மீ. அப்படியானால் எத்தனை மணிக்கு வந்து சேரும்? விடை: 7 மணி.

ஆனால் மேகம் என்ன, நேரம் தவறாத ரயிலா? ஒரு தனி இடிமேகம் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பிறந்து, கொட்டித் தீர்த்து, மறைந்துவிடலாம். கோடை மாலைகளில் கோவளம் பக்கமிருந்து வீசும் கடற்காற்று, மேற்கிலிருந்து வரும் வெப்பக் காற்றோடு மோதும் இடத்தில் புது மேகம் முளைக்கலாம். அதனால்தான் கணிப்பைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். அரை மணிக்கு ஒரு முறை வானிலை அறிக்கை விமானங்களுக்குப் போகிறது. அதனுடன் அடுத்த 2 மணி நேரக் கணிப்பும் போகும்.

அரை மணியின் விலை

அறிக்கை வந்ததும் முடிவெடுக்க வேண்டும். விமானத்தை வானில் வட்டமடிக்கச் சொல்வதா, பெங்களூருக்கோ திருச்சிக்கோ திருப்பி அனுப்புவதா? மாற்று நிலையம் வரை செல்லும் எரிபொருளும், அதற்கு மேல் அரை மணி நேர இருப்பும் ஜெட் விமானத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். எச்சரிக்கை தாமதமானால் ஆபத்து. வராத புயலுக்கு எச்சரித்தால் எரிபொருள் வீண், பயணிகளுக்கும் அலைச்சல். இரண்டுக்கும் நடுவே கயிற்றின் மேல் நடப்பது போன்ற வேலை இது!

ஃபெஞ்சல் புயல் வருவது பல நாள் முன்பே தெரிந்ததுதான். ஆனால் ஓடுபாதையை எந்த மணி வரை திறந்து வைக்கலாம் என்பது கடைசி நேரக் கணிப்பு. 2024 நவம்பர் 30 நண்பகலில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. அன்று இறங்க முயன்ற ஒரு விமானம் காற்றில் தள்ளாடி, தரையருகே வந்தும் மறுபடி மேலே எழும்பியது. அது தோல்வி அல்ல. விமானிகளுக்குக் கற்றுத் தரப்படும் பாதுகாப்பு முறை.

நீங்களும் கணிக்கலாம்!

வீட்டுக்குள் இருந்தபடியே, மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும் வரை நொடிகளை எண்ணுங்கள். 3-ஆல் வகுத்தால் வருவது மின்னல் வெட்டிய தொலைவு, கிலோமீட்டரில். பத்து நிமிடம் கழித்து மறுபடி எண்ணுங்கள். எண்ணிக்கை குறைந்தால் மேகம் நெருங்குகிறது; கூடினால் விலகுகிறது. ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: இடி காதில் விழுந்தாலே, மின்னல் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறோம். உப்பளமோ, விளையாட்டுத் திடலோ, மரத்தடியோ, உடனே கட்டடத்துக்குள் போய்விடுங்கள்!