கொள்ளைநோய்க் காலமும் ஆசிரியரின் பணிச்சோர்வும்

கொள்ளைநோய் பரவும்போது மாண்டவர்களையும் நோயுற்றவர்களையும் கணக்கெடுக்கிறோம். நோய் தம்மைத் தீண்டாதிருந்தும் அதனால் தேய்ந்து போனவர்களைக் கணக்கெடுக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. கோவிட்-19 காலத்தில் இவ்வாறு தேய்ந்தவர்களுள் பள்ளி ஆசிரியர்களும் அடங்குவர்.

சோர்வின் இயல்பு

கானடாவில் பணியாற்றிய ஹான்ஸ் ஸெல்யே என்னும் விஞ்ஞானி, எலிகளைக் கொண்டு தாம் நடத்திய ஆராய்ச்சியின் முடிவுகளை 1936-ல் வெளியிட்டார். குளிர், காயம், அளவுகடந்த உழைப்பு ஆகிய எதற்கு உள்ளாக்கினாலும் உடல் ஏறக்குறைய ஒரே வகையில் நடந்துகொள்வதை அவர் கண்டார். முதலில் அது திடுக்கிட்டு விழித்துக்கொள்கிறது. பின்னர் எதிர்த்துத் தாங்கி நிற்கிறது. நெருக்கடி நீங்காவிடில் இறுதியில் சோர்ந்துவிடுகிறது.

தொழிலிலும் இத்தகைய சோர்வு உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் பணிச்சோர்வின் மூன்று அறிகுறிகளை வரையறுத்தது: ஆற்றல் வறண்டு போதல், செய்யும் தொழிலில் மனம் ஒட்டாமை, தம்மால் பயனில்லை என்ற எண்ணம். இது ஒரு நோயன்று. பணியிடத்தில் நெடுநாள் நீடித்துச் சரிவரச் சமாளிக்கப்படாத நெருக்கடியின் விளைவு என்றும் அந்நிறுவனம் கூறியது. ஆகவே, சோர்ந்தவரின் மனவுறுதியைக் குறைகூறுமுன் அவருடைய வேலை அமைந்திருக்கும் விதத்தை ஆராய வேண்டும்.

பள்ளிகள் மூடியிருந்தபோது

2020 மார்ச்சில் நாடெங்கும் பள்ளிகள் மூடப்பட்டன. கரும்பலகையில் எழுதிப் பழகியவர்கள் சில நாட்களுக்குள் கைப்பேசி மூலம் பாடம் நடத்த வேண்டியதாயிற்று. கைப்பேசியில்லாத பிள்ளைகளை வீடு தேடிச் சென்றவர்களும் உண்டு. இதனுடன் பல மாநிலங்களில் உணவுப் பொருள் வழங்கல், வீடுதோறும் கணக்கெடுத்தல் முதலிய கடமைகளும் ஆசிரியர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, பத்தாண்டுக்கொரு முறை நடைபெறும் குடிக்கணக்கு, தேர்தல், பேரிடர் நிவாரணம் ஆகியவை தவிர்ந்த பிற வேலைகளில் ஆசிரியரை ஈடுபடுத்தலாகாது என்கிறது. பேரிடர் நிவாரணம் விலக்கில் அடங்குவதால், கொள்ளைநோய்க் காலத்தில் அச்சட்டம் அவர்களுக்குக் கேடயமாக அமையவில்லை.

வேலையின் அளவைவிட அதன் தன்மையே மிகுதியாக வருத்தியது எனலாம். பள்ளி மணி அடித்ததும் முடிந்த வேலைக்கு இப்போது எல்லையில்லை. இரவிலும் செய்திகள் வந்தன. கட்டளைகள் பல இடங்களிலிருந்து வந்தன. அவை அடிக்கடி மாறின. எல்லாவற்றிற்கும் மேலாக, சொன்னது விளங்கிற்றா என்பதைப் பிள்ளையின் முகம் பார்த்து அறியும் வாய்ப்பு அற்றுப்போயிற்று. ஆசிரியர் தம் உழைப்பின் பயனைக் காண்பது அம்முகத்தில்தான். அது மறைந்தபோது, மூன்றாவது அறிகுறியான பயனின்மை உணர்வு எளிதில் தலைதூக்கியது.

விலகியவர்களும் விலக்கப்பட்டவர்களும்

அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் 2021-ல் நடத்திய ஆய்வில், ஏறக்குறைய நான்கில் ஓர் ஆசிரியர் அக்கல்வியாண்டின் இறுதிக்குள் வேலையை விட்டுவிடக்கூடும் என்று கூறினார். கொள்ளைநோய்க்கு முன் இவ்விகிதம் ஆறில் ஒன்றாக இருந்தது. கூறியவர் அனைவரும் விலகிவிடவில்லை. ஆயினும் மனம் ஒட்டாமையின் அளவை இது காட்டுகிறது.

இந்தியாவில் நிலைமை வேறு. அரசாங்கப் பள்ளி ஆசிரியர் உத்தியோகத்தைத் துறப்பது அரிது. குறைந்த கட்டணத்தில் நடைபெறும் தனியார் பள்ளிகளிலோ, கட்டணம் வராதபோது சம்பளமும் நின்றது. கிராமப்புறங்களில் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுள் அரசாங்கப் பள்ளிகளில் சேர்ந்திருந்தோர் 2018-ல் 64.3 சதவீதம், 2021-ல் 70.3 சதவீதம் என்று ‘அஸர்’ ஆய்வு தெரிவிக்கிறது. பிள்ளைகள் இவ்வாறு இடம் மாறியபோது, பல தனியார் பள்ளி ஆசிரியர்கள் காய்கறி விற்கவும் கூலி வேலைக்குச் செல்லவும் நேர்ந்தது. தெலங்கானா அரசு 2021 ஏப்ரலில் இத்தகையோருக்கு மாதம் 2,000 ரூபாயும் 25 கிலோ அரிசியும் அளிப்பதாக அறிவித்தது. இவர்கள் மனம் சலித்து விலகியவர்கள் அல்லர். தொழிலே இவர்களைக் கைவிட்டது.

செய்யத்தக்கவை

மத்தியக் கல்வி அமைச்சகம் 2020 ஜூலையில் ‘மனோதர்ப்பண்’ என்னும் மனநல உதவித் திட்டத்தைத் தொடங்கியது. ஆறுதல் மொழி அவசியமே. ஆனால் அது சுமையைக் குறைத்துவிடாது. இங்கு வட்டார அலுவலர்கள் செய்யக்கூடியது பெரிதும் உண்டு. ஒரே விவரத்தைப் பல படிவங்களில் கேட்காதிருக்கலாம். கட்டளைகளை ஒரே வழியில், வேலை நேரத்திற்குள் அனுப்பலாம். புதிய கடமை ஒன்றைச் சேர்க்கும்போது பழையது ஒன்றை நீக்கலாம். பள்ளியைப் பார்வையிடச் செல்லும்போது பதிவேடுகளைக் கேட்குமுன் ஆசிரியரின் சிரமங்களைக் கேட்கலாம். இவற்றுக்குச் செலவு ஏதும் இல்லை.

ஆசிரியர்களும் சோர்வைக் குறையென்று கருதி மறைக்கலாகாது. உடன் பணியாற்றுவோரிடம் மனம் விட்டுப் பேசுவது நலம். உறக்கமின்மையோ நம்பிக்கையிழப்போ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை நாட வேண்டும். 2022-ல் தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

ஓர் ஆசிரியர் விலகினால் அந்த இடத்தை ஓர் உத்தரவால் நிரப்பிவிடலாம். எந்தப் பிள்ளை கணக்கில் தடுமாறுகிறது, எந்தப் பிள்ளை பசியுடன் வருகிறது என்று அவர் பல ஆண்டுகளில் அறிந்ததை எந்த உத்தரவும் மீட்டுத் தராது. அடுத்த இடர் வருமுன் நாம் நினைவிற் கொள்ள வேண்டியது இதுவே.